வானத்து வழிப்போக்கரும் காவலூர்க் காவலும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடை என்றால் இலக்கியம் பேசப்படுவது வழக்கம். இன்னிசையும் நாடகமும் அடுத்துக் காத்திருக்கும் இவ்வேளையில் வானநூல் பேச ஒருவன் எழுந்து நின்றால், 'இவர் எப்பொழுது முடிப்பார்?' என்று முன்வரிசைச் சிறுவர்கள் எண்ணுவது இயற்கையே. ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் நம் வீட்டுக் கூரைக்கு மேலே நடப்பது. நம் குழந்தைகளின் உறக்கத்தோடு தொடர்புடையது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், 'ஒரு விண்கல் இந்தியாவின் மீது விழக்கூடுமாம்' என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியபோது, எத்தனை இல்லங்களில் பிள்ளைகள் அஞ்சித் தாயின் முகத்தைப் பார்த்தார்கள்! எத்தனை தாய்மார்கள் விடை சொல்ல வகையறியாது திகைத்தார்கள்! அந்த விடையைத் தேடுவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில், உண்மையாகவே நம் அருகில் வந்து போன ஒரு வழிப்போக்கரைப் பற்றிக் கூறுகிறேன். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள். விடுதலைத் திருநாளுக்கு மறுநாளாகிய ஞாயிற்றுக்கிழமை. காலை 9.38 மணி. நம் இல்லங்களில் இட்டலியும் சட்டினியும் பரிமாறப்படும் நேரம். அந்நேரத்தில், குமரிக்குத் தெற்கே நெடுந்தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேல், 3 முதல் 6 மீட்டர் வரை அளவுள்ள பாறை ஒன்று நொடிக்கு 12 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் பூமியைக் கடந்து சென்றது. பூமியின் பரப்பிலிருந்து அது சென்ற உயரம் 2,950 கிலோமீட்டர். நம் நாட்டின் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையேயுள்ள தொலைவு 3,214 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அதனினும் குறைந்த இடைவெளியில் அந்தப் பாறை நம்மை விட்டு விலகியது. பூமியின் ஈர்ப்பு அதன் பாதையை ஏறத்தாழ 45 பாகை வளைத்து அனுப்பியது. மோதாமல் கடந்து சென்ற சிறுகோள்களில் அதைவிட நெருங்கி வந்த ஒன்று அதுவரை பதிவானதில்லை.

அதைக் கண்டவர் யார்? கலிபோர்னியாவில் பாலோமர் மலைமீதுள்ள தொலைநோக்கி எடுத்த படங்களை ஆராயும் குழுவில் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்கள் இருந்தார்கள். குணால் தேஷ்முக், கிரிதி சர்மா ஆகிய மாணவர்கள் பங்குகொண்ட அக்குழுவே இதனைக் கண்டறிந்தது. அப்படங்களில் விண்மீன்கள் புள்ளிகளாகத் தெரியும். விரைந்து ஓடும் பொருள் சிறு கோடாகத் தெரியும். ஆயிரக்கணக்கான கோடுகளுள் பெரும்பாலானவை செயற்கைக் கோள்களின் சுவடுகளே. அவற்றினிடையே மெய்யான ஒன்றைப் பொறுக்கி எடுப்பது, மூட்டை அரிசியில் ஒரே ஒரு கல்லைத் தேடுவது போன்ற வேலை. அந்தக் கல்லுக்கு 2020 கியூ.ஜி. என்று பெயர் சூட்டப்பட்டது. ஆனால் ஒன்று கவனியுங்கள்: அது பூமிக்கு மிக அருகில் வந்து சென்று ஆறு மணி நேரம் கழிந்த பின்னரே அதன் படம் பதிவாயிற்று. விருந்தாளி வந்து போன பிறகுதான் வாயிற்கதவு திறக்கப்பட்டது!

இதைக் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. அத்துணைச் சிறிய கல் நேரே வந்திருந்தாலும் காற்று மண்டலத்திலேயே உடைந்து, தீக்கோளமாக எரிந்து ஒழிந்திருக்கும். நமக்குக் கிடைத்திருப்பது ஒரு வாணவேடிக்கையே. ஆயினும் எல்லாக் கற்களும் அவ்வளவு சிறியன அல்ல என்பதையும் நாம் அறிய வேண்டும்.

சிறுகோள் என்பது யாது? சூரிய மண்டலம் உருவான காலத்தில், ஒரு கோளாகத் திரளாமல் எஞ்சி நின்ற பொருள் அது. வீடு கட்டி முடித்த பின்னும் மனையோரத்தில் செங்கல்லும் ஜல்லியும் குவிந்து கிடப்பதை நாம் காண்கிறோம் அன்றோ? அதுபோலச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே கோள் கட்டிய மிச்சம் பெருங்கூட்டமாகச் சுழன்றுகொண்டிருக்கிறது. அவற்றுள் முதலாவதை 1801ஆம் ஆண்டின் முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், பியாசி என்ற துறவி கண்டார். வியாழனின் ஈர்ப்பால் அலைக்கழிக்கப்பட்டு வழிமாறிய சில கற்கள் பூமியின் பாதைக்கு அருகிலும் வந்து செல்கின்றன. அவற்றைப் புவியண்மைச் சிறுகோள்கள் என்பர். 2025ஆம் ஆண்டின் இறுதிக்குள் அத்தகையன 40,000க்கு மேல் கணக்கில் ஏறிவிட்டன.

பெரிய கல் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராட்டிரத்தின் லோனார் ஏரியே சான்று. தக்காணத்தின் கரும்பாறையில் விண்கல் மோதிக் குடைந்த அப்பள்ளத்தின் குறுக்களவு ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். அது மனிதர் வரலாறு எழுதத் தொடங்கும் முன் நடந்தது. நம் காலத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலையில், ரஷ்ய நாட்டின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே, சுமார் 20 மீட்டர் அளவுள்ள கல் ஒன்று வானில் வெடித்தது. அன்றைய தினம் வேறொரு சிறுகோள் பூமியை 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லப் போகிறது என்று வானநூலார் முன்கூட்டியே கணித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவோ கதிரவன் இருந்த திசையிலிருந்து, எவர் கண்ணிலும் படாமல் வந்தது. காவற்காரர் முன்வாயிலைப் பார்த்து நிற்கப் பின்வாயில் வழியே ஒருவன் புகுந்ததை ஒக்கும் இது. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். கல் பட்டுக் காயமுற்றவரா? இல்லை. பெரும்பாலோர் உடைந்த கண்ணாடியால் காயமுற்றவர்கள். வானில் பேரொளி தோன்றியதும் மக்கள் 'என்ன அது?' என்று சாளரத்தருகே ஓடினார்கள். ஒளி முதலில் வந்தது. அதிர்வலை ஓரிரு நிமிடம் கழித்து வந்து சாளரக் கண்ணாடிகளைச் சிதறடித்தது. பிள்ளைகளே, இதை மனத்தில் இருத்துங்கள்: வானில் கண்கூசும் ஒளி தோன்றினால் சாளரத்தை விட்டு விலகிச் சுவரோரம் அமர வேண்டும். இச்சிறு அறிவு அன்று அந்நகரத்தாரிடம் இருந்திருப்பின் பலர் குருதி சிந்தியிருக்க மாட்டார்கள்.

காவலைப் பற்றிச் சொன்னேன். அக்காவல் பணியில் நம் மண்ணுக்குள்ள பங்கைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். 1786ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு வானாய்வு நிலையம் தோன்றியது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அதற்கெனக் கட்டடம் எழுந்தது. அங்கே நிறுவப்பட்ட கருங்கல் தூணில் தமிழிலும் கல்வெட்டுப் பொறிக்கப்பட்டது. 1861ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், நார்மன் போக்சன் என்ற வானநூலார் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் அதுவே. ஆதலின் அதற்கு 'ஆசியா' என்றே பெயரிட்டார். 1885ஆம் ஆண்டிற்குள் சென்னையிலிருந்து அவர் கண்டவை மொத்தம் ஐந்து. அவருக்குத் துணையாக அந்நிலையத்தில் பணியாற்றியவர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1874இல் வெள்ளிக் கோள் கதிரவன் வட்டத்தைக் கடந்தபோது, மக்கள் வீண் அச்சமின்றி அதனை உணர்ந்துகொள்ளும் பொருட்டு, உரையாடல் நடையில் ஒரு சிறு நூலை இந்திய மொழிகளில் வெளியிட்டவர் அவர். வானத்தைக் காண்பதோடு நில்லாமல், கண்டதை அண்டை வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வது கற்றவர் கடமை என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அவர் உணர்ந்திருந்தார்.

அந்தச் சென்னை நிலையத்தின் வேலை 1899இல் கொடைக்கானல் மலைக்கு மாறியது. அதன் வழித்தோன்றலாகிய இந்திய வானியற்பியல் நிறுவனம் இன்று எங்கே இருக்கிறது? நம் பெங்களூரில், கோரமங்களா இரண்டாவது பிளாக்கில்! நுங்கம்பாக்கத்தில் பிறந்து, கொடைக்கானலில் வளர்ந்து, பெங்களூரில் குடியேறிய நிறுவனம் அது. நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதையும் இதுதானே? பிறந்த ஊர் ஒன்று, பிழைக்க வந்த ஊர் ஒன்று. இரண்டுக்கும் உறவு அறுபடுவதில்லை. அந்நிறுவனமும் தலைமையகத்தைக் கர்நாடகத்தில் வைத்துக்கொண்டு, தன் கண்களில் ஒன்றைத் தமிழகத்து மலையில் வைத்திருக்கிறது.

அந்த மலையூரின் பெயர் காவலூர். ஜவ்வாது மலையில், இங்கிருந்து சுமார் 175 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஊருக்குச் செல்லும்போது ஜோலார்பேட்டையில் தேநீர் வாங்கிப் பருகுகிறோம். அங்கிருந்து வாணியம்பாடி செல்லும் வழியில் தொடுவானில் மலைகள் தெரிகின்றன. அம்மலைத் தொடர்களுக்குள்ளேதான் வேணு பாப்பு என்ற பேரறிஞர் இருள் சூழ்ந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து வானாய்வு நிலையம் அமைத்தார். வியாழனின் துணைக்கோளாகிய கனிமீடுக்குக் காற்று மண்டலம் உண்டு என்பதற்கு 1972இலும், யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பதற்கு 1977இலும் அங்கிருந்து சான்றுகள் கிடைத்தன. பின்னர் 1980களின் இறுதியில், பட்டாச்சாரியா அவர்கள் இயக்குநராக இருந்த காலத்தில், 45 சென்டிமீட்டர் ஷ்மிட் தொலைநோக்கியைக் கொண்டு சிறுகோள் தேடும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அதற்கு வைத்த பெயர் கல்கி. 1988ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், இராஜமோகன் அவர்களும் அவருடைய குழுவினரும் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார்கள். போக்சன் கண்ட கடைசிச் சிறுகோளுக்கும் கல்கித் திட்டத்தின் பயனுக்கும் இடையே கழிந்தவை 103 ஆண்டுகள். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதையின் நூற்றாண்டு அப்போதுதான் கொண்டாடப்பட்டிருந்தது. அச்சிறுகோளின் பெயர் இராமானுஜன். அது செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் சாதுவான கல், நம்மை நெருங்குவதன்று. எனினும், தேடினால் நாமும் காணலாம் என்ற துணிவை அது தந்தது. இன்று இமயத்தில் 4,500 மீட்டர் உயரத்தில், லடாக்கின் ஹான்லேயில் நிற்கும் சந்திரா தொலைநோக்கியை, பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயில் அமர்ந்தவாறே வானநூலார் இயக்குகின்றனர். அதே ஹான்லேயில், இந்நிறுவனமும் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து அமைத்த மற்றொரு தொலைநோக்கி விரைந்து மாறும் வான்பொருள்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறது.

இனி, 2025இல் பரவிய அச்சத்துக்கு வருவோம். 2024 டிசம்பர் 27ஆம் நாள் சிலி நாட்டிலுள்ள ஒரு தொலைநோக்கி, சுமார் 60 மீட்டர் அளவுள்ள ஒரு சிறுகோளைக் கண்டது. அதன் பெயர் 2024 ஒய்.ஆர்.4. அது 2032 டிசம்பர் 22ஆம் நாள் பூமியில் மோதக்கூடுமா என்று கணக்கிட்டபோது, நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். நாள் செல்லச் செல்ல அது ஏறியது. பிப்ரவரி 18ஆம் நாள் 3.1 விழுக்காடு, அதாவது 32இல் ஒரு பங்கு. விழக்கூடும் என்று வரைந்த நீண்ட பட்டையில் அரபிக் கடலும் தெற்காசியாவும் இருந்தன. எண் ஏறுகிறது, நம் நாடும் பட்டியலில் இருக்கிறது என்றால் அச்சம் பிறவாதா? ஆனால் ஒரு வாரத்திற்குள், பிப்ரவரி 24ஆம் நாள், அந்த எண் ஏறத்தாழச் சுழியாகிவிட்டது. மலைபோல் வந்தது பனிபோல் நீங்கியது. அப்படியாயின் முதலில் சொன்னது பொய்யா? அன்று. அதனை விளக்க ஓர் உவமை கூறுகிறேன்.

நம் காலனிக்கு ஒரு தபால்காரர் வருகிறார். கையில் உள்ள கடித உறையில் மழைநீர் பட்டு முகவரி கலைந்துவிட்டது. காலனியில் நூறு வீடுகள் உண்டு என்று கொள்வோம். அக்கடிதம் உங்கள் வீட்டுக்குரியதாக இருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உற்று நோக்குகிறார். 'மூன்றாவது கிராஸ்' என்பது மட்டும் தெரிகிறது. உங்கள் வீடும் மூன்றாவது கிராஸில்தான் உள்ளது. அத்தெருவில் 32 வீடுகள். இப்பொழுது உங்கள் வாய்ப்பு 32இல் ஒன்றாக உயர்ந்துவிட்டது! கடிதம் உங்களை நோக்கி வந்ததாலா உயர்ந்தது? இல்லை, தபால்காரரின் ஐயம் குறைந்ததால் உயர்ந்தது. மீண்டும் உற்று நோக்கி வீட்டு எண்ணையும் படித்துவிடுகிறார். அது எதிர்வீட்டுக் கடிதம். உங்கள் வாய்ப்பு சுழி. சிறுகோள் கணக்கும் இப்படித்தான். தொடக்கத்தில் அதன் பாதை அகன்ற பட்டையாகவே தெரியும். மேன்மேலும் பார்க்கப் பார்க்கப் பட்டை ஒடுங்கும். ஒடுங்கும் பட்டைக்குள் பூமி இருக்கும் வரையில் வாய்ப்பு எண் ஏறும். பட்டையை விட்டுப் பூமி விலகியதும் எண் சட்டென்று வீழும். ஆகவே எண் ஏறுவதைக் கண்டு 'ஆபத்து நெருங்குகிறது' என்று முடிவு கட்டுதல் தவறு. 'வானநூலார் உற்று நோக்கிக்கொண்டிருக்கிறார்கள்' என்பதே அதன் பொருள்.

இதே பாடத்தை உலகம் முன்னரே ஒருமுறை கண்டது. ஆனால் நாம் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. 2004ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளுக்குப் பின்னர் அபோபிஸ் என்று பெயரிட்டார்கள். நம் இராகுவைப் போல, எகிப்தியர் புராணத்தில் கதிரவனை விழுங்க முயலும் இருள் நாகத்தின் பெயர் அது. ஏறத்தாழ 340 மீட்டர் அளவுள்ள அச்சிறுகோள் 2029இல் மோத வாய்ப்புண்டு என்று கணக்கிட்டபோது, அவ்வெண் ஏறி ஏறி, 2004 டிசம்பர் 27ஆம் நாள் 37இல் ஒரு பங்கு என்ற உச்சத்தை அடைந்தது. அதே நாளில், மார்ச்சுத் திங்களில் எடுத்த பழைய படங்களில் அதன் சுவடு கிடைக்கவே, 2029இல் மோதாது என்பது உறுதியாயிற்று. அந்த நாளை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய நாள் டிசம்பர் 26. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் கன்னியாகுமரியிலும் நம் உறவினரைக் கடல் கொண்டு சென்ற நாள். சுமத்திராவை அடுத்துக் கடலடி அதிர்ந்த பின், அலை நம் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. இரண்டு மணி நேரம்! ஆனால் 'கரையை விட்டு ஓடுங்கள்' என்று சொல்ல அன்று ஓர் ஏற்பாடு இல்லை. அவ்வேற்பாடு 2007இல்தான் ஐதராபாத்தில் அமைந்தது.

அன்பர்களே, இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்த கல்லின் வழியை 25 ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட முடிந்தது. ஏனெனில் அதைப் பார்த்துக்கொண்டிருக்க ஆட்கள் இருந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வரவிருந்த அலையை அறிவிக்க முடியவில்லை. ஏனெனில் பார்த்துச் சொல்ல எவரும் அமர்த்தப்படவில்லை. பேரிடர் பெரிதா சிறிதா என்பதைவிட, காவல் இருந்ததா இல்லையா என்பதே உயிர்களைத் தீர்மானிக்கிறது.

அந்த அபோபிஸ் இனி வரப் போகும் விருந்தாளி. பூமியின் பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் தொலைவில் அது கடந்து செல்லும். நம் தொலைக்காட்சிக்கும் வானிலை அறிவிப்புக்கும் உதவும் செயற்கைக் கோள்கள், ஹாசன் நிலையத்திலிருந்து இயக்கப்படுவன, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. அவற்றுக்கும் கீழே வந்து செல்லும்! ஆயினும் அச்சமில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் ரேடார் கொண்டு அளந்து, இன்னும் நூறு ஆண்டுகளுக்கு அது பூமியில் மோதாது என்று உறுதி செய்துவிட்டார்கள். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியப் பகுதிகளில் வெறுங்கண்ணுக்கே அது நகரும் விண்மீன் போலத் தோன்றும். ஐக்கிய நாடுகள் அவையும் 2029ஆம் ஆண்டைச் சிறுகோள் விழிப்புணர்வுக்கும் பூமிப் பாதுகாப்புக்கும் உரிய ஆண்டாக அறிவித்துள்ளது.

அது மிக அருகில் வரும் நேரம் இந்திய நேரப்படி என்ன தெரியுமா? 2029 ஏப்ரல் 14ஆம் நாள் விடியற்காலை 3.16 மணி. ஆம், சித்திரை முதல் நாள். நம் புத்தாண்டுத் திருநாள்! சித்திரைக் கனி காணத் தாய்மார்கள் தட்டு அடுக்கி வைத்திருக்கும் இரவு. அன்று பிறக்கும் ஆண்டின் பெயர் சௌமிய. மென்மையுடையது என்று பொருள். இப்பொருத்தம் தற்செயலானதே. ஆனால் அந்நாள் நெருங்கும்போது, 'புத்தாண்டன்று உலகம் அழியும்' என்று பரப்புவோர் தோன்றுவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவர்களுக்கு விடை சொல்ல இப்போதே நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

'சரி, ஒரு நாள் மெய்யாகவே ஒன்று மோத வந்தால்?' என்று இளைஞர் ஒருவர் வினவலாம். அதற்கும் விடை உருவாகி வருகிறது. 2022 செப்டம்பர் 26ஆம் நாள் அமெரிக்கர்கள் டார்ட் என்ற விண்கலத்தை டைமார்போஸ் என்னும் சிறு கல்லின்மீது வேண்டுமென்றே மோதச் செய்தார்கள். அக்கல் தன் பெரிய துணையைச் சுற்றிவர எடுத்துக்கொண்ட 11 மணி 55 நிமிட நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. வானத்துப் பாறையின் நடையை மனிதன் மாற்றியது அதுவே முதன்முறை. ஆனால் தள்ளிவிட வேண்டுமானால் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருக்க வேண்டும். மீண்டும் காவலுக்கே வந்து சேர்கிறோம்.

கணித்தல் என்ற சொல்லுக்குத் தமிழில் எண்ணிப் பார்த்தல் என்றும் பொருள், வருவதை முன்னறிந்து கூறுதல் என்றும் பொருள். எண்ணாமல் முன்னறிய முடியாது என்பதை நம் முன்னோர் அச்சொல்லிலேயே பொதிந்து வைத்தார்கள். ஆகவே நான் உங்களை வேண்டிக்கொள்வன சிலவே. விண்கல் செய்தி கைப்பேசியில் வந்தால், அடுத்தவருக்கு அனுப்பும் முன், எத்தனை மீட்டர் அளவு, எவ்வளவு தொலைவு, கணித்தவர் யார் என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். விடுமுறையில் குழந்தைகளை நம் நகரின் நேரு கோளரங்கத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஊருக்குப் போகும் வழியில் ஒருமுறையேனும் காவலூர் மலைக்கு ஏறுங்கள். பொதுமக்களுக்குரிய நாளைக் கேட்டறிந்து செல்லுங்கள். நம் சங்கத்தின் நூலகத்தில் தமிழில் எழுதப்பட்ட வானநூல்களுக்கென ஓர் அலமாரியை ஒதுக்குமாறு செயற்குழுவினரையும் கேட்டுக்கொள்கிறேன். மூட்டை அரிசியில் ஒரே கல்லைத் தேடும் பொறுமையுள்ள பெண்ணோ பிள்ளையோ இந்த அரங்கிலேயே அமர்ந்திருக்கக் கூடும். நாளை ஒரு சிறுகோளை முதலில் காணும் கண் அவர்களுடையதாக இருக்கட்டும்.